விண்டோஸ் 10-இன் பராமரிப்புக் கருவிகள் பழைய கணினிக்குப் போதுமா?

வீட்டுக் கணினிக்கு வயதாகி வேகம் குறைந்ததும், ஒரே சொடுக்கில் அனைத்தையும் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் ஏதேனும் ஒரு மென்பொருளைப் பலரும் நிறுவிவிடுகிறார்கள். அவை செய்யும் உருப்படியான வேலைகள் எல்லாம் விண்டோஸ் 10-க்குள்ளேயே இலவசமாக இருக்கின்றன. மிச்சமுள்ள 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' (விண்டோஸின் அமைப்பு விவரங்கள் பதிந்திருக்கும் தரவுத்தளத்தைச் சுத்தம் செய்வதாகச் சொல்பவை) வகையறாவால் நன்மையைவிட ஆபத்தே அதிகம் என்பது என் கருத்து.

உள்ளிருக்கும் கருவிகளில் முதலிடம், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜருக்கு. கணினியோடு சேர்ந்து தாமாகவே ஓடத் தொடங்கும் நிரல்கள் ஒவ்வொன்றும் தொடக்கத்தை எந்த அளவு தாமதப்படுத்துகின்றன என்பதை, அதன் ஸ்டார்ட்அப் பகுதி 'ஹை', 'மீடியம்', 'லோ' என்று காட்டிவிடுகிறது. எப்போதோ ஒரு காணொளிக் கூட்டத்துக்காக நிறுவியதை அங்கேயே முடக்கலாம். முடக்குவதால் நிரல் அழிந்துவிடாது. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், கணினி எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து இயங்குகிறது என்று காட்டும் 'அப் டைம்' இன்னும் சுவையானது. இரவுதோறும் ஷட் டவுன் செய்யும் கணினியில்கூட அது பல நாள்களைக் காட்டக்கூடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலை வட்டில் எழுதிவைக்கப்பட்டு, மறுமுறை அங்கிருந்தே தொடரப்படுவதுதான் காரணம். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். இவ்வளவு பெரிய வேறுபாட்டை அந்த மெனுவில் ஒரு சொல்லால்கூட உணர்த்தாதது வடிவமைப்பின் குறை என்றே சொல்ல வேண்டும்.

தேவையற்ற கோப்புகளை நீக்கும் டிஸ்க் கிளீனப் பழையதானாலும் நம்பகமானது. 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பொத்தானை அழுத்தினால்தான் பழைய புதுப்பிப்புகளின் எச்சங்கள் பட்டியலில் தோன்றும். ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் வேலையை விண்டோஸ் தானே வாரந்தோறும் பார்த்துக்கொள்கிறது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வட்டு என்றால் டிஃப்ராகுக்குப் பதிலாக ட்ரிம் செய்கிறது, அதாவது அழித்த கோப்புகள் இருந்த இடங்களை வட்டுக்குத் தெரிவிக்கிறது. நாம் கைவைக்கத் தேவையில்லை.

புதுப்பிப்புப் பக்கத்தைப் பொறுத்தவரை என் பாராட்டு அரைகுறையானதுதான். அங்கே தெரியும் பச்சைக் குறி விண்டோஸைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பயாஸ் (கணினியை முதலில் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்), தனியாக நிறுவிய பிரவுசர், பிடிஎஃப் ரீடர் ஆகியவை எந்த நிலையில் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. வன்பொருள்களை இயக்கும் டிரைவர்கள் சில 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற இணைப்புக்குள் ஒளிந்திருக்கும். அதைவிட முக்கியம், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான சில்லு) இல்லாத, அல்லது, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர் கொண்ட கணினிகள் விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வத் தகுதியைப் பெறுவதில்லை. ஆதரவு முடிந்த பின்னும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தரும் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு வேண்டும். ரன் பெட்டியில் 'வின்வெர்' (winver) கட்டளையைக் கொடுத்தால் பதிப்பு எண் தெரிந்துவிடும். விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கு வைரஸ் விவரங்கள் தொடர்ந்து வருகின்றனவே என்று இருந்துவிடக் கூடாது. இயங்குதளத்தில் உள்ள ஓட்டையை அவை அடைப்பதில்லை.

இத்தனை கருவிகள் இருந்தும், வட்டின் ஆரோக்கியத்தைச் சாதாரணப் பயனர் பார்க்கும் இடத்தில் விண்டோஸ் 10 காட்டுவதில்லை. இதற்கு மட்டும் வெளியிலிருந்து ஒன்றை நிறுவச் சொல்வேன்: கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. இலவசமானது, 'குட்', 'காஷன்', 'பேட்' என்று நிறத்தோடு சொல்லிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் 05 (பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது வட்டின் சிறு பகுதிகள்), சி5 (படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள்) ஆகிய இரு வரிகளைக் கவனித்தால் போதும். எண்கள் முன்னிருப்பாகப் பதினறும (16-ஐ அடிப்படையாகக் கொண்ட) எண்முறையில் தோன்றுவதால் குழப்பம் வரலாம். அமைப்பில் தசமத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அவை பூஜ்யத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனால், சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுக்க வேண்டும்.

மின் இணைப்பைத் துண்டித்து மறுபடி கொடுக்கும்போதெல்லாம் கடிகாரம் பின்னோக்கிப் போகிறதென்றால், மதர்போர்டில் இருக்கும், கடிகாரத்துக்கு மின்சாரம் தரும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கக்கூடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். இணையதளங்கள் எச்சரிக்கும், புதுப்பிப்பும் நின்றுபோகும். மேற்சொன்ன கருவிகளில் எதுவும் இதைச் சுட்டிக்காட்டாது.