கேஷுவாலிட்டிக்கு முழு மார்க், வார்டுக்குப் பாதி

சேலம் டவுனுக்குள் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனை. குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. ஏற்காட்டிலிருந்து காய்ச்சல்காரர்களைக் கீழே கூட்டி வருகிறவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அம்மா காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர். விடாத காய்ச்சலுக்கு மேலே ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றி, வைரல்தான் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பேச்சு குழறியது, சிறுநீரே போகவில்லை. அப்புறம்தான் கீழே இறங்கினோம்.

கேஷுவாலிட்டியில் எனக்குப் பிடித்தது இதுதான்: அட்வான்ஸ் பற்றி யாரும் வாய் திறக்கும் முன்பே ஒரு சிஸ்டர் அம்மாவின் வயிற்றில் கை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். 28. பிரஷரின் மேல் எண் 84. காய்ச்சல் என்னவோ 100 தான், அதை மட்டும் பார்த்திருந்தால் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருப்பார்கள். மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் போவது, பிரஷரின் மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழே போவது, நினைவு தடுமாறுவது எல்லாம் செப்சிஸுக்கான, அதாவது கிருமித் தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலைக்கான எச்சரிக்கை, இந்த மூன்றும் அம்மாவிடம் இருந்தன. உடனே கல்ச்சருக்கும் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) லாக்டேட்டுக்கும் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதவில்லை என்றால் ஏறும் அளவு) ரத்தம் எடுத்தார்கள், அடுத்து ஆன்டிபயாடிக், கூடவே சலைன். செப்சிஸால் பிரஷர் விழுந்து ஷாக் நிலையில் வருகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி சலைன் என்பது 2021 சர்வதேச வழிகாட்டுதல். 50 கிலோ அம்மாவுக்கு ஒன்றரை லிட்டர், அப்படியே ஏற்றினார்கள்.

டூட்டி டாக்டர் அதைவிட ஒரு படி மேல். என்ன வேலை என்று கேட்டார், தோட்டம் என்றதும் திரையை இழுத்துவிட்டு அக்குள், மார்புக்குக் கீழே, இடுப்பு மடிப்பு என்று தேடி, சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். வலிக்கவே வலிக்காததால் அம்மாவுக்கே தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸ், புதரில் இருக்கும் பூச்சி கடித்து வருவது. செப்சிஸ் என்றாலே போடும் வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் பல இதற்கு வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பில் ஏற்றினார்கள். தீவிர நிலையில் தனித்தனியாகக் கொடுப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் நல்லது என்று வேலூர் சிஎம்சி உட்பட நம் நாட்டு மருத்துவமனைகள் நடத்தி 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஐசியூ பற்றிக் குறை இல்லை.

வார்டுக்கு மாற்றியதும்தான் எரிச்சல் ஆரம்பம். ராத்திரி முழுக்க யாரும் மூச்சை எண்ணவில்லை, நான் பக்கத்திலேயே முழித்துத்தான் இருந்தேன். காலையில் சார்ட்டில் எல்லா வரியிலும் 20, 20, 20 என்று ஒரே பேனாவில் எழுதியிருந்தது. அந்தத் தளம் முழுக்க ஒரே சிஸ்டர், அவரை என்ன சொல்வது? ஆள் போடாத நிர்வாகத்தைத்தான் சொல்ல வேண்டும். வார்டில் இருக்கும்போதே நோயாளி மறுபடி மோசமானால் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த மூச்சு எண்தான்.

கல்ச்சர் ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வந்ததும், வீண் செலவு என்று மாமா பில் கவுன்டரில் சண்டைக்குப் போய்விட்டார். ஸ்க்ரப் டைஃபஸ் கிருமி சாதாரண கல்ச்சரில் வளராது, ஆனால் வேறு கிருமி இருக்கிறதா என்று பார்க்க அந்த டெஸ்ட் வேண்டும். இதை முன்கூட்டியே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் சண்டையே இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று சொன்னது, "நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க", அவ்வளவுதான். செப்சிஸிலிருந்து மீண்டவர்களுக்கு மாதக்கணக்கில் அசதி, மறதி, முடி கொட்டுவது எல்லாம் வரலாம் என்று யாரும் சொல்லவில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தபோது அம்மா பயந்தே போனார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அவசரத்துக்கு மறுபடியும் அங்கேதான் போவேன், வார்டுக்கு மாற்றினால் வீட்டு ஆள் ஒருவர் முழித்திருப்பது நல்லது. கருத்துப் படிவத்தில் ராத்திரி சார்ட் விஷயத்தை விவரமாக எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் இல்லை, கேன்டீன் சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டு மட்டும் ஒரு மெசேஜ் வந்தது.