டிரெட்டா பஜாரா, டாங்ராவா?

ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் துணி வணிகத்துக்காகக் கொல்கத்தாவின் படா பஜாருக்குச் செல்பவர்களுக்கு, அந்நகரில் சீன உணவுக்கு இரண்டு இடங்கள் உண்டு.

செலவைச் சுருக்க வேண்டியவர்களுக்கு என் பரிந்துரை, படா பஜாரிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய டிரெட்டா பஜார்தான். விடியற்காலையில் தெருவோரத்தில் ஆவி பறக்க விற்கப்படும் மோமோ, இறைச்சி பொதிந்து ஆவியில் வேகவைத்த ‘பாவ்’ என்னும் சீன ரொட்டி, மீன் உருண்டை சூப் ஆகியவற்றை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, கடைகள் திறக்கும் முன்பே வேலைக்குத் திரும்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமையே சிறந்த நாள். எட்டு மணிக்குப் பின் சென்றால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். பன்றி இறைச்சி அதிகம் என்பதால் சைவர்களுக்கு இங்கே வழி குறைவு.

டாங்ரா நகரின் கிழக்கே இருக்கிறது, செலவும் கூடுதல். ஹக்கா என்னும் சீனப் பிரிவினர் தோல் பதனிடும் ஆலைகளை நடத்திய பகுதி அது. 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து அத்தொழில் நகருக்கு வெளியேயுள்ள பந்தலாவுக்கு இடம்பெயர, உணவகங்களே அப்பகுதியின் அடையாளமாயின. தோல் தொழிலை அறிந்த ஈரோட்டுக்காரர்களுக்கு இவ்வரலாறு நெருக்கமாகவே தோன்றும். பள்ளிபாளையம் சிக்கனின் காரத்துக்குப் பழகிய நாவுக்கு டிரெட்டாவின் தெளிந்த சூப்பைவிட டாங்ராவின் சில்லி சிக்கனே பிடிக்கும். பரிமாறும் அளவு பெரிது. எனவே நான்கைந்து பேராகச் சென்று பகிர்ந்துகொண்டால் செலவு கட்டுக்குள் நிற்கும். சைவ நூடுல்ஸும் கிடைக்கும். அருகிலுள்ள சீனக் காளி கோயிலில் நூடுல்ஸே காளிக்குப் படைக்கப்படுகிறது.