சூப் வந்தாச்சு, சாண்ட்விச் எங்கே?

மேற்கு மாம்பலத்துக்குக் குடிவரப்போகிற நண்பன் போன வாரம் கேட்டான்: "அந்த சூப் கடை இன்னும் நல்லா இருக்காடா? மாமனார் மாமியாரைக் கூட்டிட்டுப் போகலாமா?" நாலு வருஷமாக வாரத்துக்கு இரண்டு மாலை அங்கே போகிறவன் நான். ஆனாலும் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரே அறை, ஆறு ஸ்டூல், சுவரோடு அடித்த ஒரு பலகை. சூப் அக்கா பொறுப்பு, சாண்ட்விச் அண்ணன் பொறுப்பு, கல்லாவில் பையன்.

வாழைத்தண்டு சூப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். பல இடங்களில் சூப் என்று தருவது மிளகுத்தூள் தூவிய சோளமாவுக் கஞ்சி. இங்கே பாசிப்பருப்பு வேகவைத்த தண்ணீர்தான் கெட்டிக்கு. ஒருநாள் கடை திறக்கும் முன்பே போய்விட்டேன். அக்கா தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வில்லைக்கும் இழுபடுகிற நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போனார். முடிக்கும்போது விரலில் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று. நறுக்கியது கறுக்காமலிருக்க உடனே மோருக்குள் போனது. இத்தனை வருஷத்தில் என் பல்லில் ஒரு நார் சிக்கியதில்லை.

சாண்ட்விச் பம்பாய் பாணி. உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி புதினா சட்னி. அண்ணன் வெண்ணெயை ரொட்டியின் நாலு மூலைக்கும் இழுத்துத் தடவுவார். ருசிக்கு மட்டுமில்லை, சட்னியின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுப்பதும் அந்த வெண்ணெய்தான். கைப்பிடி டோஸ்டரில் வைத்து, நேரே அடுப்புத் தீயில் திருப்பித் திருப்பிச் சுடுவார். ஓரம் லேசாகக் கருகி, கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும். மின்சார கிரில்லில் இந்த வாசனை வராது.

இனி என் வயிற்றெரிச்சல். இந்த இரண்டும் சேர்ந்து மேஜைக்கு வராது. நாலு வருஷத்தில் இரண்டே முறை வந்தது, இரண்டுமே கொட்டுகிற மழையில் வேறு ஆளே இல்லாத நாள்.

காரணம் புரியாமல் இல்லை. சூப் அண்டாவில் கொதிக்கிறது, ஒரு கரண்டி அள்ளினால் போதும். சாண்ட்விச்சுக்கு இரண்டே அடுப்பு, இரண்டே டோஸ்டர். டெலிவரி ஆர்டர்கள் வேறு நடுவில் புகுந்துகொள்கின்றன. எவர்சில்வர் கிண்ணத்தில் சூப் சட்டென்று ஆறி, பருப்பு அடியில் தங்கி, மேலே வெறும் தண்ணீர் நிற்கும். மொறுமொறு ஓரத்தை சூடான சூப்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும் என்ற ஒரே ஆசை, அது நடக்கவே நடக்காது.

"அண்ணே, ரெண்டையும் ஒண்ணா குடுங்களேன்" என்று கேட்டும் பார்த்தாயிற்று.

"சூப் ஆறிடும் சார், மொதல்ல குடிங்க" என்றார், ரொம்ப அக்கறையாக.

சரி, நாமே சமாளிப்போம் என்று சூப் டோக்கனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாண்ட்விச் வரும்வரை காத்திருந்தேன். அது வந்ததும் டோக்கனை நீட்டினால், "வாழைத்தண்டு முடிஞ்சிருச்சே, கொள்ளு தரட்டுமா?" கொள்ளு சூப் மேல் எனக்கு விரோதம் இல்லை, ஆனால் அன்றைக்கு இருந்தது.

இதற்கு ஒரு குறுக்கு வழியைப் போன மாதம்தான் கண்டுபிடித்தேன். சௌகார்பேட்டை மின்ட் தெருப் பக்கம் பிரபலமான முறுக்கு சாண்ட்விச் இங்கேயும் உண்டு. இரண்டு முறுக்குக்கு நடுவே சட்னியும் காயும் வைப்பதோடு சரி, அடுப்பு வேலையே இல்லை. சூப் வரும்போதே அதுவும் வந்துவிடுகிறது. நன்றாகவும் இருக்கிறது. ஆனால் முறுக்கை சூப்பில் தோய்த்தால் கோந்து மாதிரி ஆகிவிடும், ஒரே வாயில் போட்டு மெல்ல வேண்டியதுதான்.

விலை ஏறியதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சூப் இருபதிலிருந்து முப்பது ஆகியிருக்கிறது, அந்த நார் சுற்றிய விரலுக்கு அது குறைச்சல்தான். பார்சல் மட்டும் வேண்டவே வேண்டாம். ஃபாயிலுக்குள் ஆவி கட்டி, வீடு வந்து சேர்வதற்குள் ரொட்டி ஈரத்துணி ஆகிவிடுகிறது.

நண்பன் இதையே போன மாதம், அந்தக் குறுக்கு வழி கிடைத்த குஷியில் நான் இருந்தபோது கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு "வாடா" என்றிருப்பேன். கேள்விக்குப் பதில் அனுப்பாமலே நேற்றும் போனேன், இருபத்தைந்து நிமிஷம் வெறும் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் இன்று காலை அனுப்பிய பதில்: "மாமனார் மாமியாரோட வேண்டாம், வேற எங்கயாவது கூட்டிட்டுப் போ. நீ தனியா வர்றதா இருந்தா ஆறு மணிக்குள்ள போயிடு. எனக்கும் ஒரு வாழைத்தண்டு டோக்கன் வாங்கி வை."