பாகுலா பேக்கப் மென்பொருள்: இன்றைய நிலையும் அடுத்த பதிப்புகளில் முதலில் வர வேண்டியவையும்

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து பேக்கப் எடுக்க வேண்டும், டேப்பும் டிஸ்க்கும் சேர்ந்தே புழங்க வேண்டும், எந்தக் கோப்பு எந்தத் தேதியில் எந்த வால்யூமில் (பேக்கப் எழுதப்படும் டேப் அல்லது டிஸ்க் கோப்பு) கிடக்கிறது என்ற கணக்கு பிசகக் கூடாது. இந்த மூன்றும் கேட்கிற இடத்தில் பாகுலாவுக்கு ஈடாகத் திறமூல உலகில் அதிகம் இல்லை. கெர்ன் சிபால்டு 2000இல் எழுதத் தொடங்கி 2002இல் வெளியிட்டது. 2010இல் இதிலிருந்து பிரிந்த பேரியோஸ் இன்று தனி வழியில் போய்க்கொண்டிருக்கிறது. "கட்டமைப்பது கடினம்" என்று ஒரே வரியில் பாகுலாவை ஒதுக்குபவர்கள் உண்டு. கடினம்தான். ஆனால் அதில் எது வடிவமைப்போடு கூடப் பிறந்தது, எதை அடுத்த பதிப்பில் சரிசெய்ய முடியும் என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்த வசதியைக் கேட்பது என்பது தெளிவாகும்.

புதிய வசதிகளை எடைபோட இங்கே ஒரே அளவுகோல்தான்: எல்லா வேலைகளையும் ஏவும் தலைமை நிரலான டைரக்டர் ஓடும் இயந்திரமே செத்துப்போன நாளில், அந்த வசதி ரீஸ்டோரை (பேக்கப்பிலிருந்து மீட்பதை) நிச்சயமாக்குமா? அதற்கு உதவாத வசதி எவ்வளவு அழகாக இருந்தாலும் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும்.

முதலில் இணைப்புகள். டைரக்டர் 9101ஆம் போர்ட்டில் கேட்கிறது, ஒவ்வொரு கிளையன்ட்டிலும் (பேக்கப் எடுக்கப்படும் இயந்திரம்) உள்ள ஃபைல் டீமன் 9102இல், டேப்பிலோ டிஸ்க்கிலோ எழுதும் ஸ்டோரேஜ் டீமன் 9103இல். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்: தரவு டைரக்டர் வழியாகப் போவதில்லை. டைரக்டர் ஃபைல் டீமனைக் கூப்பிட்டு, "இந்த முகவரியில் ஸ்டோரேஜ் இருக்கிறது, நேரே அங்கே அனுப்பு" என்று சொல்கிறது. அந்த முகவரி, டைரக்டர் கான்ஃபிக் கோப்பில் ஸ்டோரேஜ் பகுதியில் எழுதியிருக்கும் அட்ரஸ் வரி. டைரக்டரும் ஸ்டோரேஜும் ஒரே இயந்திரத்தில் இருக்கிறதே என்று அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதிவிட்டால், கிளையன்ட் தன்னையே 9103இல் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போகும். எல்லாக் கிளையன்ட்டுகளுக்கும் விளங்கும் முழு டொமைன் பெயரையோ ஐபி முகவரியையோ அங்கே கொடுங்கள்.

இதைவிட வருத்தம் தருவது, வழக்கமாக ஓட்டிப் பார்க்கும் சோதனைகளில் இந்தத் தவறு தெரியாது என்பது. டைரக்டரை மைனஸ் டி (-t) கொடுத்து ஓட்டினால் கான்ஃபிக் கோப்பு சோதிக்கப்படும், கிளையன்ட் பாதைகள் அல்ல. பாகுலாவின் கட்டளைத் திரையான பி-கன்சோலில் ஸ்டேட்டஸ் கிளையன்ட் என்றால் டைரக்டரிலிருந்து கிளையன்ட்டுக்கான பாதை தெரியும். ஸ்டேட்டஸ் ஸ்டோரேஜ் என்றால் டைரக்டரிலிருந்து ஸ்டோரேஜுக்கான பாதை தெரியும். மூன்றாவது பாதை, அதாவது தரவு உண்மையில் போகிற கிளையன்ட்–ஸ்டோரேஜ் பாதை, இந்த இரண்டிலும் தெரியாது; தனியே சோதிக்காவிட்டால் இரவு ஜாப் (பேக்கப் வேலை) ஓடும்போதுதான் தெரியவரும். ஃபயர்வாலில் 9103ஐத் திறக்க மறந்திருந்தால் ஸ்டேட்டஸ் இரண்டும் சரியாகவே காட்டும், ஜாப் மட்டும் விழும். புதிய பதிப்புகளில் பி-கன்சோலின் ஸ்டேட்டஸ் நெட்வொர்க் கட்டளை, ஃபைல் டீமனுக்கும் ஸ்டோரேஜுக்கும் இடையே தரவை அனுப்பிப் பார்த்து முடிவைச் சொல்லும்.  புதியவர்களின் முதல் நாள் தலைவலியில் பெரும்பங்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

உள் முகவரிகளை வெளியிலிருந்து மறைக்கும் NAT ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கிளையன்ட்டுகளுக்கு நிலைமை பரவாயில்லை. 2014இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து ஸ்டோரேஜே கிளையன்ட்டைக் கூப்பிடும் எஸ்டி கால்ஸ் கிளையன்ட் இருக்கிறது; கிளையன்ட்டே டைரக்டரைத் தேடி வரும் கனெக்ட் டு டைரக்டரும் பிறகு சேர்ந்தது.

அடுத்தது ஃபைல்செட், அதாவது எதையெல்லாம் பேக்கப் எடுக்க வேண்டும் என்ற பட்டியல். ஒன்எஃப்எஸ் (ஒரே கோப்பமைப்புக்குள் நிற்பது) என்ற விருப்பம் சொல்லாமலே ஆம் என்று இருக்கும். ரூட்டை மட்டும் கொடுத்துவிட்டு, ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால், ஹோமுக்குள் பாகுலா இறங்காது. ஜாப் அறிக்கையில் ஒரு வரி அதைச் சொல்லும். ஆனால் ஜாப் ஓகே என்றே முடியும், அதனால் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு பார்ட்டிஷனையும் தனித்தனியே பட்டியலில் எழுதுவது பாதுகாப்பான வழி. ஒன்எஃப்எஸ்ஸை இல்லை என்று மாற்றினால் லினக்ஸ் கர்னல் காட்டும் போலிக் கோப்பகங்களான ப்ராக், சிஸ், நெட்வொர்க் மவுன்ட் எல்லாம் உள்ளே வந்துவிடும், அவற்றை விலக்க வேறொரு பட்டியல் தேவைப்படும். ஃபைல்செட்டைத் திருத்தினால் அடுத்த இன்கிரிமென்டல் (மாறியதை மட்டும் எடுப்பது) தானாக ஃபுல் (எல்லாவற்றையும் எடுப்பது) ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.

இனி வால்யூம்கள். டிஸ்க்கில் எழுதினாலும் பாகுலா டேப் மாதிரியேதான் யோசிக்கும். ஒரு டிவைஸில் ஒரு நேரத்தில் ஒரு வால்யூம்தான். பேக்கப் ஓடும்போது ரீஸ்டோர் கேட்டால் காத்திருக்கும். ஒரே ஃபோல்டரை நோக்கிய நான்கைந்து டிவைஸ்களை எழுதி, அவற்றை ஒரு மெய்நிகர் ஆட்டோசேஞ்சரில் (டேப்பைத் தானே மாற்றும் கருவியின் மென்பொருள் வடிவம்) கோத்துவிட்டால் இது தீரும். அந்த டிவைஸ்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மீடியா டைப் இருக்க வேண்டும். வேறு ஃபோல்டருக்கு வேறு மீடியா டைப் கட்டாயம். இரண்டு ஃபோல்டருக்கும் ஒரே பெயரை வைத்தால், ரீஸ்டோரின்போது பாகுலா தப்பான ஃபோல்டரில் போய் வால்யூமைத் தேடி நிற்கும்.

வால்யூம்களின் தொகுப்பான பூலில் மேக்ஸிமம் வால்யூம் பைட்ஸ் (வால்யூமின் அளவு வரம்பு), வால்யூம் ரிட்டென்ஷன் (வைத்திருக்கும் காலம்) போன்றவற்றை மாற்றினால், ஏற்கெனவே உருவான வால்யூம்களுக்கு அது போய்ச் சேராது. ஒவ்வொரு வால்யூமும் உருவானபோது இருந்த மதிப்பைத்தான் கேட்டலாக்கில் (எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு இருக்கும் தரவுத்தளம்) வைத்திருக்கும். பி-கன்சோலில் அப்டேட் கட்டளைக்குள் போய், பூலிலிருந்து எல்லா வால்யூம்களையும் புதுப்பிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுத்தால்தான் மாறும். "ரிட்டென்ஷனைக் குறைத்தேன், ஆனாலும் எழுத வால்யூம் இல்லை என்கிறது" என்ற புலம்பல் பெரும்பாலும் இதனால்தான். இன்னொரு காரணம், ஒரே வால்யூமில் ஃபுல்லும் இன்கிரிமென்டலும் கலந்திருப்பது. உள்ளே ஒரு ஜாப் உயிரோடு இருந்தாலும் மொத்த வால்யூமும் மறுசுழற்சிக்கு வராது. ஃபுல், டிஃபரன்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியதை எடுப்பது), இன்கிரிமென்டல் மூன்றுக்கும் தனித்தனிப் பூல், ஒரு வால்யூமுக்கு ஒரு ஜாப் என்று வைப்பது நல்லது.

காலாவதியான வால்யூமின் இடம் டிஸ்க்கில் தானாகத் திரும்பக் கிடைக்காது. பூலில் ஆக்ஷன் ஆன் பர்ஜ் என்பதில் ட்ரன்கேட் (வால்யூம் கோப்பைச் சுருக்குவது) என்று எழுதி, பிறகு ட்ரன்கேட் கட்டளையையும் ஓட்ட வேண்டும். ஒரு அட்மின் ஜாப் எழுதி, முதலில் ப்ரூன் (காலாவதியான பதிவுகளை நீக்குவது), அடுத்து ட்ரன்கேட் என்று தினமும் ஓட விடலாம். டிஸ்க்கில் மட்டும் எழுதும் பூலுக்கு இது இயல்பாகவே நடக்க வேண்டிய வேலை. ஒரு வரி விருப்பமாக வந்தால் நன்றாக இருக்கும்.

ரிட்டென்ஷனில் கேட்க வேண்டியது இதைவிடப் பெரியது. இயல்பான காலக்கெடு ஃபைல் பதிவுகளுக்கு 60 நாள், ஜாப் பதிவுகளுக்கு 180 நாள், வால்யூமுக்கு 365 நாள். 60 நாள் தாண்டியதும் கோப்புப் பெயர்கள் கேட்டலாக்கிலிருந்து போய்விடும். 90 நாள் பழைய பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பைக் கேட்டால், பாகுலா மரப்பட்டியலைக் காட்டாமல், கோப்புப் பதிவுகள் நீக்கப்பட்டிருக்கலாம், மொத்தத்தையும் மீட்கவா என்று கேட்கும். தரவு பத்திரமாக இருக்கும், கையை நீட்டி எடுக்கத்தான் முடியாது. தனிக் கோப்பு மீட்பு எத்தனை நாளுக்கு வேண்டுமோ அத்தனை நாளுக்கு ஃபைல் ரிட்டென்ஷனை உயர்த்துங்கள். 10 லட்சம் கோப்புள்ள சர்வருக்கு ஆறு ஃபுல் வைத்தால் அதற்கு மட்டும் 60 லட்சம் வரிசைகள். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இதைத் தாங்கும். இதோடு, வால்யூம் ரிட்டென்ஷன் நாட்களை மட்டுமே எண்ணுகிறது. மூன்று மாதமாக ஃபுல் ஜாப் தோற்றுக்கொண்டே இருந்தால், கடைசி நல்ல ஃபுல் இருக்கும் வால்யூமும் கெடு முடிந்ததும் மறுசுழற்சிக்குப் போகலாம். "வெற்றி பெற்ற கடைசி இரண்டு ஃபுல்லை எக்காரணம் கொண்டும் தொடாதே" என்று எண்ணிக்கையால் சொல்லும் விதி கட்டாயம் வர வேண்டும். அது வரும் வரை, இரண்டு ஃபுல் சுற்றுக்கு மேல் நீளும்படி கெடுவை வையுங்கள்.

எல்லாவற்றிலும் முதலாவதாகக் கேட்க வேண்டியது கேட்டலாக் மீட்பு. இயல்பான கான்ஃபிக்கில் மற்ற ஜாப்கள் முன்னுரிமை 10, கேட்டலாக் பேக்கப் 11. எண் கூடினால் முன்னுரிமை குறைவு. 10இல் உள்ள அத்தனையும் முடிந்த பிறகே 11 தொடங்கும். ஒரு ஜாப் வால்யூம் கிடைக்காமல் காத்து நின்றால், அன்றிரவு கேட்டலாக் பேக்கப்பே நடக்காது. அது நாட்கணக்கில் நீளவும் கூடும். ஜாப்களுக்கு மேக்ஸ் வெயிட் டைம் கொடுத்து, காத்து நிற்பதை வெட்டிவிடுங்கள்.

டைரக்டர் இயந்திரம் போய்விட்டால் வழி இதுதான். அதே பதிப்பை வேறொரு இயந்திரத்தில் நிறுவி, கான்ஃபிக் கோப்புகளைத் திருப்பி வைக்க வேண்டும். கேட்டலாக் ஜாப்பின் பூட்ஸ்ட்ராப் கோப்பைக் கொடுத்து, கேட்டலாக் இல்லாமலே வால்யூமிலிருந்து கோப்பை எடுக்கும் பி-எக்ஸ்ட்ராக்டை ஓட்டினால் எஸ்க்யூஎல் டம்ப் வெளியே வரும். அதைத் தரவுத்தளத்தில் ஏற்றி டைரக்டரைத் தொடங்கலாம். பூட்ஸ்ட்ராப் சில வரிகள்தான்: வால்யூம் பெயர், மீடியா டைப், செஷன் எண், செஷன் நேரம், ஃபைல் இன்டெக்ஸ் வரம்பு. அந்தச் சில வரிகள் இல்லையென்றால் பி-ஸ்கேன் கொண்டு வால்யூம்களை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் கேட்டலாக்கைக் கட்ட வேண்டும். 8 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்தால் படிப்பதற்கு மட்டுமே சுமார் 15 மணி நேரம். பூட்ஸ்ட்ராப்பை இயல்பாக டைரக்டரின் டிஸ்க்கிலேயே எழுதுவதுதான் சிக்கல்: இயந்திரத்தோடு அதுவும் போய்விடும். ரைட் பூட்ஸ்ட்ராப் வரியில் குழாய்க் குறி (|) போட்டு, பாகுலாவோடு வரும் மின்னஞ்சல் நிரலான பி-எஸ்எம்டிபிக்கு அனுப்பினால் மின்னஞ்சலாக வெளியே போய்விடும். இன்றே செய்துவிட வேண்டிய மாற்றம் இது.

இதை ஒவ்வொருவரும் கையால் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பூட்ஸ்ட்ராப், கான்ஃபிக் கோப்புகள், பதிப்பு எண் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொரு இரவும் ஸ்டோரேஜுக்கும் வெளியே ஓரிடத்துக்கும் அனுப்பி, புதிய இயந்திரத்தில் ஒரே கட்டளையில் திறக்கும் வசதி வேண்டும். கிளையன்ட் குறியாக்கம் பயன்படுத்தினால் மாஸ்டர் கீ மட்டும் இந்தப் பொட்டலத்துக்கு வெளியே, தனியாகப் பூட்டி வைக்கப்பட வேண்டும். அந்தக் குறியாக்கம் கோப்பின் உள்ளடக்கத்தைத்தான் மறைக்கிறது, பெயரையும் பாதையையும் மறைப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இதற்கு அடுத்த இடம் தானியங்கி ரீஸ்டோர் சோதனைக்கு. வெரிஃபை ஜாப் வால்யூமைப் படித்து ஒப்பிடும். ஆனால் கோப்பு உண்மையில் ஒரு டிஸ்க்கில் எழுந்து நிற்கிறதா என்று பார்க்க, ரீஸ்டோர் கட்டளையை ஸ்கிரிப்டில் கோத்தாக வேண்டியிருக்கிறது. ஃபைல்செட்டில் சிக்னேச்சர் கேட்டிருந்தால் எம்டி5 அல்லது எஸ்ஹெச்ஏ1 மதிப்பு கேட்டலாக்கில் இருக்கும். சில நூறு கோப்புகளைக் குலுக்கி எடுத்து, மீட்டு, அந்த மதிப்போடு ஒப்பிட்டு அறிக்கை தரும் ஜாப் வகை ஒன்றுக்கான பாகங்கள் எல்லாம் கையிலேயே உள்ளன.

வெப் இடைமுகத்துக்கு பாகுலமும் பாகுலாரிஸும் இருக்கின்றன, போதும்.

எந்த வசதி வந்தாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. டைரக்டரும் ஸ்டோரேஜும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஃபைல் டீமன் பழையதாக இருக்கலாம், புதியதாக இருக்கக் கூடாது. அதனால்தான் பல ஆண்டுகளாகத் தொடாத கிளையன்ட்டுகளும் தொடர்ந்து பேக்கப் ஆகின்றன. புதிய கட்டளை ஒன்று பழைய ஃபைல் டீமனுக்குப் புரியாது என்றால், "இந்தக் கிளையன்ட்டில் இந்த வசதி இல்லை" என்று சொல்லிவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். ஜாப்பை விழவிடக் கூடாது. கேட்டலாக் அட்டவணையை மாற்றும் வசதிகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். 11ஆம் பதிப்பில் கோப்புப் பெயர்களுக்கான தனி அட்டவணை நீக்கப்பட்டது நல்ல மாற்றம்தான், ஆனால் மாற்றும் நேரத்தில் பழைய அட்டவணையும் புதியதும் ஒருசேர இருப்பதால் தரவுத்தள டிஸ்க்கில் ஏறக்குறைய இரட்டிப்பு இடம் வேண்டும். மேம்படுத்தும்போது டைரக்டரை நிறுத்தி, கேட்டலாக்கை டம்ப் எடுத்து வேறு இயந்திரத்துக்கு நகர்த்தி, டிஸ்க்கில் காலியிடம் பார்த்து, அதன் பிறகு அப்டேட் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். டைரக்டரும் ஸ்டோரேஜும் ஒரே அமர்வில், கிளையன்ட்டுகள் அதற்குப் பிறகு சாவகாசமாக.