கலியாணக் கேக்: மேசையில் நிற்பதற்கா, பெட்டியில் போவதற்கா, பணம் எதற்கு?

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கலியாண வரவேற்புக்குக் கேக் பேசத் தொடங்கினால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை தட்டு (அடுக்கு)?" என்னைக் கேட்டால் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. வந்தவர் கையில் என்ன கொடுத்து அனுப்பப் போகிறோம், அதை யார் எப்போது அடித்துச் சுடுவார்கள் என்ற இரண்டும் முதலில் தெளிவாக வேண்டும். நம் நாட்டுக் கலியாணத்தில் மேசையில் நிற்கும் கேக்கை விருந்தினர் பார்ப்பார்கள்; சாப்பிடுவது பெட்டியில் வாங்கிப்போகும் துண்டை. இரண்டுக்கும் ஒரே பணப்பையில் இருந்துதான் செலவு போகிறது.

வழிகள் மூன்று. மேசையில் நிற்பது முழுவதும் உண்மையான கேக்காக இருக்கலாம். ரெஜிபோமில் (பாரமில்லாத வெள்ளை நுரைப் பொருளில்) ஐசிங் போட்ட ஸ்ட்ரக்சரை, அதாவது பார்வைக்கு மட்டுமான பொய்க் கேக்கை, வாடகைக்கு எடுத்து, துண்டுகளைத் தனியாகப் பெட்டியில் கொடுக்கலாம். அல்லது ஸ்ட்ரக்சரே இல்லாமல், வெட்டுவதற்கு ஒரு சின்ன உண்மைக் கேக், மற்றவர்களுக்குப் பெட்டி.

முதல் வழி படத்தில் அழகு. கணக்குப் போட்டால் நம் கூட்டத்துக்குச் சரிவராது. நாலு அங்குல உயரத்தில் 6, 8, 10 அங்குல வட்டத் தட்டுகள் மூன்றையும் வெட்டினால் ஏறக்குறைய 12, 24, 38 துண்டுகள், ஆகமொத்தம் 74. அதன் கீழே 12, 14 அங்குலத் தட்டுகளையும் சேர்த்து ஐந்து தட்டாக்கினாலும் 208 பேருக்குத்தான் வரும். நம் மண்டபங்களில் முந்நூறு பேர் என்பது நடுத்தரக் கலியாணம். அந்தக் கனத்தை வாகனத்தில் ஏற்றி, மண்டபத்தில் இறக்கி, உள்ளே கம்பு வைத்துத் தாங்க வேண்டும். பட்டர் ஐசிங் என்றால் முப்பது பாகை செல்சியஸுக்கு மேலே இளகத் தொடங்கும். யாழ்ப்பாணத்து மே மாதத்தில் ஏசி இல்லாத மண்டபத்துக்கு அதை நினைக்கவே வேண்டாம். எழுபது எண்பது பேரோடு முடிகிற விருந்து, கேக்கைத் தட்டில் வைத்து இனிப்பாகப் பரிமாறுகிற லண்டன், டொரண்டோ வரவேற்பு போன்றவற்றுக்கு இந்த வழி பொருந்தும். அங்கே மற்ற இனிப்புக்குச் செலவில்லை என்பதால் காசும் ஈடாகிவிடும்.

இரண்டாவது வழியைப் பற்றிச் சிலருக்கு ஒரு கூச்சம் இருக்கிறது: "பொய்க் கேக்கையா வெட்டுவது?" கூச்சப்பட ஒன்றுமில்லை. 1940-இல், யுத்தகாலத் தட்டுப்பாட்டில், பிரிட்டனில் கேக்குக்குச் சீனி ஐசிங் போடுவதையே தடைசெய்தார்கள். அப்போது அங்கே மட்டையில் செய்த அலங்காரக் கேக்கை மேலே கவிழ்த்து வைத்து, உள்ளே இருந்த சின்னக் கேக்கை வெட்டிக் கலியாணம் செய்தார்கள். நம் ஸ்ட்ரக்சரிலும் கத்தி இறங்கும் இடத்தில் ஒரு உண்மைத் துண்டைப் பதித்து வைப்பார்கள். தட்டுக் கூடினாலும் செலவு உண்மைக் கேக் அளவுக்கு ஏறாது என்பது இதன் பெரிய வசதி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் சீனிப் பூக்களின் இதழ் தொய்யும். பலமுறை வாடகைக்குப் போன ஸ்ட்ரக்சரின் ஓரங்களில் ஐசிங் பெயர்ந்திருக்கும். ஆல்பத்தைப் பார்த்து ஓடர் கொடுக்காமல், பொருளை இன்றைய நிலையில் நேரே பாருங்கள். உங்கள் நாளுக்கு முதல்நாள் அது வேறொரு கலியாணத்தில் நிற்கிறதா என்றும் கேளுங்கள்.

சரி, பெட்டிக்குள் என்ன? ரிச் கேக்கா, பட்டர் கேக் அல்லது சொக்லேட் கேக்கா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை, பழமும் கஜுவும் நிறைந்த ரிச் கேக்தான். ரவை, கஜு (முந்திரிப்பருப்பு), சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசி, இஞ்சித் தோசி, சௌசௌ, முந்திரிகை வற்றல் (உலர்திராட்சை), செரி, தேன், பன்னீர், பிராண்டி என்று பட்டியலைப் பார்த்தாலே விலை ஏன் ஏறுகிறது என்பது புரியும். ஆனாலும் அது நாள் தாங்கும். ஒரு மாதம் முன்பே அடித்து வைத்தால் ருசி இன்னும் கூடும். பட்டர் கேக் வெளியில் மூன்று நாலு நாள்தான் இருக்கும். அதனால் வெட்டுவது, சுற்றுவது, பெட்டியில் போடுவது எல்லாம் கலியாணத்துக்கு முந்திய இரண்டு நாளில் வந்து விழும். வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இராத இரண்டு நாட்கள் அவை. கையிருப்பு உண்மையிலேயே குறைவென்றால் பட்டர் கேக் கொடுப்பதில் குறையொன்றும் இல்லை. நல்ல பட்டரில் அடித்த கேக், கஜு குறைத்து மாஜரினில் அடித்த ரிச் கேக்கைவிட எவ்வளவோ மேல்.

ரிச் கேக் மாதிரித் துண்டைக் கடையில் நின்று சாப்பிட்டுவிட்டு முடிவு சொல்லாதீர்கள். எண்ணெய்த்தாளில் சுற்றியபடி வாங்கி வந்து, ஃபிரிட்ஜில் வைக்காமல் மேசையில் ஒரு கிழமை விடுங்கள். பிறகு பிரியுங்கள். தாள் இலேசாகப் பிசுபிசுக்கலாம். எண்ணெய் ஊறி ஒளி ஊடுருவும் அளவுக்கு நனைந்திருந்தால் பட்டரின் தரத்தில் கோளாறு இருக்கலாம். விரலால் அழுத்தினால் துண்டு பதிய வேண்டும், உதிரக் கூடாது. வெட்டிய முகத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சுடுநீரில் தோய்த்துத் துடைத்திருந்தால் கஜுத் துகளும் செரியும் வெட்டிய இடத்தில் தெளிவாகத் தெரியும். துடைக்காத கத்தி எல்லாவற்றையும் ஒரே மண்ணிறமாக இழுத்துப் பூசிவிடும். மேலே ஒட்டும் கஜு மார்சிபான் (அரைத்த கஜுவும் சீனியும் சேர்த்த படலம்) மெல்லியதாக, துண்டோடு சேர்ந்தே கடிபட வேண்டும்.

விலை கேட்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒருவர் கிலோவுக்குச் சொல்வார், இன்னொருவர் துண்டுக்குச் சொல்வார். 50 கிராம் துண்டென்றால் கிலோவுக்கு 20. துண்டு விலையை இருபதால் பெருக்கினால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மிஞ்சுகிற வித்தியாசம் சுற்றும் தாள், பெட்டி, ரிபன், கூலி ஆகியவற்றுக்கானது. துண்டு 40 கிராம் என்றால் கிலோவுக்கு 25. அதே துண்டு விலைதான் என்றாலும் கேக் கால் பங்கு விலை கூடிவிட்டது என்று அர்த்தம். ஆகவே கிராமை எழுத்தில் வாங்குங்கள். முந்நூறு பேருக்கு, வர முடியாதவர்களுக்கும் அயலுக்கும் சேர்த்து 330 துண்டு, 16.5 கிலோ. ஓரம் சீவுகிற கழிவையும் சேர்த்தால் 18 கிலோ அடிக்க வேண்டும்.

இந்த 18 கிலோவை வீட்டில் அடிக்கலாமா? மாமிமார் நாலு பேர் கூடிப் பழம் வெட்டுகிற வீட்டின் மணத்துக்கு ஈடில்லை, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் 250 கிராம் ரவை போட்டு அடிக்கிற வழமையான அளவில் மூன்று கிலோ சொச்சம்தான் வரும். அதற்கே பன்னிரண்டு மஞ்சட்கரு போகும். ஆறு தடவை அடிக்க வேண்டும், எழுபதுக்கு மேல் முட்டை, ஒவ்வொரு ட்ரேயும் குறைந்த சூட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். நூறு பேருக்குள் என்றால் வீட்டில் அடியுங்கள். அதற்கு மேலே தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பழத்தையும் கஜுவையும் நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்ல நடுவழி. 2022-இல் விலைகள் ஏறிய வேகத்தையும், 2023-இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டி வந்ததையும் கண்ட பிறகு, ஆறு மாதத்துக்கு ஒரே விலையைப் பிடித்து வைக்கச் சொல்லி, அடித்துத் தருபவர்களை நெருக்குவது நியாயமில்லை. கெடாத சாமான்களுக்கு முற்பணத்தை இப்போதே கொடுத்து, பட்டருக்கும் முட்டைக்கும் அன்றைய விலை என்று பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழியைத்தான் இப்போது நான் அதிகம் சொல்கிறேன். எட்டு அங்குலத்தில் ஒரே ஒரு உண்மைக் கேக், சுற்றிப் புதுப் பூக்கள், ஸ்ட்ரக்சர் வாடகை மிச்சம். அந்த மிச்சத்தில் துண்டு 40 கிராமிலிருந்து 50 ஆகலாம், அல்லது மாஜரின் பட்டராகலாம். மண்டபம் பெரிதாக இருந்து, சின்னக் கேக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்றால் மட்டும் ஸ்ட்ரக்சருக்குப் போங்கள்.

எந்த வழியானாலும் முட்டையில்லாத பெட்டிகளை மறக்காதீர்கள். முட்டையும் பிராண்டியும் தொடாத பெரியவர்கள் நம் கலியாணங்களில் நிறையப் பேர். ரின்பால் (டின்னில் வரும் இனிப்பூட்டிய கட்டிப்பால்) சேர்த்து அடிக்கும் பேரீச்சம்பழக் கேக் அவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் ரிச் கேக் போல நாள் தாங்காது, கடைசிக் கிழமையில்தான் அடிக்க வேண்டும். பெட்டிக்கு வேறு நிற ரிபன் கட்டுங்கள். அவற்றை வாசலில் மற்றப் பெட்டிகளோடு அடுக்காமல், சைவக்காரரை முகம் தெரிந்த உறவினர் ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள்.