புது பேரல் பிரேக்-இன்னு சொல்லி 340 டாலர் போச்சு, டெக்சாஸ்ல இருக்கவங்க உஷார்

இன்னும் ஆத்திரம் அடங்கல, அப்படியே டைப் பண்றேன். 340 டாலர்.

என் ரைஃபிளுக்கு 6.5 கிரீட்மூர்ல (அது ஒரு தோட்டா சைஸு) புது பேரல், அதாவது குழல், மாட்டினேன். புது பேரல்ல த்ரோட் பகுதிய, அதாவது குண்டு குழலுக்குள்ள நுழையற இடத்த, ரீமர் வச்சு வெட்டுறதால குறுக்குவாட்டுல பொடிப்பொடியா கீறல் இருக்கும், முதல் சில குண்டு போறப்ப அது குண்டு மேல இருக்கற காப்பர சுரண்டி விட்டு அது போய் பேரலுக்குள்ள அப்பிக்கும். அதனாலதான் ஒரு குண்டு சுடு, கிளீன் பண்ணு, மறுபடி ஒண்ணு சுடுன்னு பொறுமையா பண்றது, அதுதான் பிரேக்-இன். இது தேவையே இல்ல, பேரல் ஆயுசுதான் குறையும்னு சொன்ன கேல் மெக்மில்லன் மாதிரி பெரிய பேரல் மேக்கரும் இருந்திருக்காங்க, அந்த சண்டைக்கு நான் வரல. செய்றேன்னு காசு வாங்கினா செய்யணுமா இல்லயா?

நான் குடுத்தது ஒரு சின்ன துப்பாக்கி ரிப்பேர் கடையில. கவுண்டர்ல இருந்த பெரியவர் ரைஃபிள கையில வாங்கி, குழல் வாய விரலால மெதுவா தடவிப் பாத்துட்டு, "ஒவ்வொரு குண்டும் நானே சுட்டு நானே கிளீன் பண்ணுவேன், ஷீட்டுல எழுதித் தரேன்"னாரு. எங்க வீட்ல துப்பாக்கிய தொட்டவங்க யாரும் இல்ல, கேக்க ஒரு ஆள் கிடைச்சாரேன்னு நம்பிட்டேன். 340 டாலரும் முன்கூட்டியே குடுத்து, ரெண்டு பெட்டி 40 ரவுண்டும் குடுத்தேன். 20 தான் ஆகும், மிச்சம் திரும்ப வரும்னாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டு பெட்டியும் காலியா வந்துச்சு. ஷீட்ட பாத்தா 20 டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, அதுலயும் ஒரு தேதி ஞாயித்துக்கிழமை, அன்னைக்கு அந்த கடையே லீவு! வீட்ல காப்பர கரைக்கற சால்வென்ட் போட்டு பேட்ச் (சின்ன துணித்துண்டு) இழுத்தேன், நீலம், நீலம், பதினோராவது பேட்சும் நீலம், அதாவது காப்பர் இன்னும் உள்ள அப்பியிருக்கு. (பேட்ச மாட்டுற ஜாக் முனை பித்தளைன்னாலும் நீலம் வரும், என்னோடது பிளாஸ்டிக்.) காது குடையற பஞ்ச எடுத்து குழல் வாய் ஓரமா சுத்தினா ஒரு இடத்துல பஞ்சு நூல் மாட்டுது. க்ரவுன்ல, அதாவது குண்டு வெளிய போற குழல் வாய் விளிம்புல, பிசிறு! போர் கைடு (கிளீனிங் ராடு குழல்ல உரசாம நேரா போக வைக்கற குழாய்) இல்லாம முன்பக்கமா ராட விட்டு தேச்சிருக்காங்க.

போன் பண்ணா "அவர் இன்னைக்கு வரல". நேர்ல போனா "உங்க ரவுண்டு சரியில்ல". மறுபடி போனா "200 சுடுங்க, தானா செட் ஆயிடும்". அந்த பெரியவர் உள்ள ரூம்லதான் இருக்காரு, குரல் கேக்குது, வெளிய வரல. எனக்கு அதுதான் தாங்கல. 340 டாலர் வாங்கிட்டு முகத்த காட்டக்கூட மனசு வரல.

நிறைய டிப்ஸ் எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல. குடுக்கறதுக்கு முன்னாடி க்ரவுன போட்டோ எடுத்து வைங்க. முழு காசும் முதல்லயே குடுக்காதீங்க. முடிஞ்சா கிட்ட நின்னு பாருங்க, இல்லன்னா போர் கைடு ஒண்ணு வாங்கி நீங்களே பண்ணுங்க, ஒரு மதியம்தான் ஆகும். கார்டு கம்பெனில 340 டாலருக்கும் டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், க்ரவுன் திரும்ப வெட்ட இன்னொரு கடைக்கு தனியா அழணும்.