விசுவரூபம்: தஞ்சாவூர் பலகையா, ஜெய்ப்பூர் சிற்றோவியமா, காலண்டர் படமா?

கண்ணன் அர்ஜுனனுக்குத் தன் விசுவரூபத்தைக் காட்டும் கீதையின் 11ஆம் அத்தியாயம் ஓவியருக்குப் பெரிய சோதனை. ஆயிரம் சூரியன் ஒன்றாக உதித்த ஒளி வேண்டும், உலகம் முழுவதும் ஓர் உடலுக்குள் அடங்க வேண்டும், பார்க்கும் அர்ஜுனன் நடுங்கவும் வேண்டும். மூன்றையும் ஒரே படத்தில் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமல்ல.

ஒளி என்றால் தஞ்சாவூர் ஓவியம்தான். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து புடைப்பு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். விளக்கொளி பட்டால் ஜொலிக்கும். ஆனால் இந்தப் பாணி வெண்ணெய்க் கண்ணனுக்கென்றே பிறந்தது போல இருக்கும். கொழுகொழு கன்னம், அமைதியான முகம். "உன் கோரைப்பற்களைக் கண்டு திசை மறந்தேன்" என்று அர்ஜுனன் கதறும் இடத்துக்கு அந்த முகம் எப்படிப் பொருந்தும்? பூஜை அறைக்கு அழகுதான், மறுக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெய்ப்பூரில் தீட்டிய விசுவரூபச் சிற்றோவியங்கள் வேறு வழியில் போகின்றன. அங்கே திருமேனியே உலகம். உடல் முழுக்கச் சின்னச் சின்ன உருவங்கள். கண்ணைக் கிட்டே கொண்டுபோய்த் தேடித்தேடிப் பார்க்க வேண்டும். பொருளுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனால் சிறிய தாளில் பிரமிப்பு வரும், பயம் வராது.

அந்தப் பயத்தைக் காலண்டர் படத்தில்தான் பார்க்கிறேன். 1894இல் ரவி வர்மா பம்பாய்ப் பக்கம் தொடங்கிய அச்சகம், பிறகு கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும், சிவகாசி அச்சு என்று வீடுவீடாக வந்த மரபு இது. மலிவு என்று ஒதுக்குகிறவர்கள் இந்த மரபின் நல்ல விசுவரூபப் படம் ஒன்றை நின்று பார்க்கட்டும். இருபுறமும் அடுக்கடுக்காக முகங்கள், ஒரு வாயிலிருந்து நெருப்பு, கீழே கைகூப்பிய அர்ஜுனன் கண்ணனின் முழங்கால் உயரம்கூட இல்லை. அந்த அளவு வித்தியாசம் ஒன்றே போதும், நமக்கும் உடம்பு சிலிர்க்கிறது. வண்ணம் சற்றுப் பளபளப்பு அதிகம், சரி. அத்தியாயத்தின் நடுக்கம் இதில்தான் இருக்கிறது, என் ஓட்டு இதற்கே.

தஞ்சாவூர்ப் பலகைதான் வேண்டும் என்றால், வரையக் கொடுக்கும் முன்பே ஓவியரிடம் இரண்டைச் சொல்லிவிடுங்கள்: பக்கத்து முகங்கள் எல்லாம் ஒரே புன்னகையோடு இருக்கக் கூடாது, அர்ஜுனனைக் கட்டாயம் வரைய வேண்டும், அதுவும் சின்னதாக.